நட்டஈடு யாருக்கு?

கிளாட்ஸ்டன் என்ற பெயரை அரசியல் வரலாறு படித்தோர் அனைவரும் அறிவர். நான்கு முறை இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக அமர்ந்தவர். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தந்தாக வேண்டும் என்று வாதாடியவர். நாவன்மைக்கு எடுத்துக்காட்டாக ஏடுகள் காட்டும் முதியவர். அவரைப் பற்றியல்ல நாம் இங்கு எழுதப் புகுந்தது. அந்த வில்லியம் கிளாட்ஸ்டனை ஈட்டன் பள்ளிக்கு அனுப்பிய பணம் எது, ஆக்ஸ்போர்டிலே அமரவைத்த பணம் எது, இருபத்து மூன்று வயதிலே பார்லிமெண்டில் எழுந்து நின்று பேசும் வாய்ப்பை அவருக்கு எளிதாக்கிய செல்வம் எது — அதைத்தான் ஆராயப் போகிறோம். மாளிகையின் கோபுரத்தை வியந்து நிற்போர் பலர். அடித்தளத்தைத் தோண்டிப் பார்ப்பது நம்முடைய வேலை.

தந்தையின் பெயர் ஜான் கிளாட்ஸ்டன். 1764-இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில், ஒரு தானிய வணிகரின் மகனாகப் பிறந்தவர். 1787-இல் லிவர்பூல் வந்தார். தானியம் விற்றார், கப்பல் விட்டார், பொருள் குவித்தார். உழைத்து உயர்ந்தவர் என்று அவருக்குப் புகழ்மாலை சூட்டுவோர் உண்டு. உழைத்தது யார், உயர்ந்தது யார் என்பதை மட்டும் அந்த மாலை தொடுப்போர் சொல்லுவதில்லை.

1807-இல் இங்கிலாந்து அடிமை வாணிபத்தைச் சட்டத்தால் தடுத்தது. மனிதனைப் பிடித்துக் கப்பலேற்றி விற்பது குற்றமாயிற்று. ஆனால், பிடித்து விற்கப்பட்ட மனிதனை வைத்திருப்பது குற்றமாகவில்லை! திருடுவது தவறு, திருட்டுப் பொருள் மட்டும் சொத்து — இதுதான் அன்றைய சீமான்களின் நீதி நூல். அந்த நீதியின் நிழலிலே, தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள டெமராராவில், இன்றைய கயானாவில், கரும்புத் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமதாக்கிக் கொண்டார் ஜான் கிளாட்ஸ்டன். தோட்டத்தோடு அதிலிருந்த ஆண், பெண், பிள்ளை அத்தனை பேரும் அவருடைய உடைமையாயினர். ஜமைக்காவிலும் அவருக்கு அத்தகைய உடைமை இருந்தது. டெமராராவின் மண்ணில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. முகவர்கள் எழுதிய கடிதம் வரும், சர்க்கரை வரும், பணம் வரும். கண்ணீர் கப்பலில் வருவதில்லை அல்லவா!

பணம் வந்தபின் பதவி வராதிருக்குமா? 1818-இல் லான்காஸ்டர் தொகுதி, 1820-இல் உட்ஸ்டாக், 1826-இல் பெர்விக் — மூன்று தொகுதிகளின் பெயரால் பார்லிமெண்டில் அமர்ந்தார். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் லிவர்பூல் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1829-இல் ஸ்காட்லாந்தில் ஃபாஸ்க் என்னும் பெரும் பண்ணையை வாங்கிப் பரம்பரை நிலப்பிரபுக்களின் வரிசையில் சேர்ந்தார். 1846-இல் 'சர்' பட்டமும் வந்து சேர்ந்தது.

பக்திக்கும் குறைவில்லை. 1815-இல் லிவர்பூலிலும் அருகிலுள்ள சீஃபோர்த்திலும் தம் பணத்தால் மாதா கோயில்கள் எழுப்பினார். மனிதரெல்லாம் ஆண்டவனின் பிள்ளைகள் என்ற உரை அங்கே ஞாயிறுதோறும் முழங்கியிருக்கும். கரும்புக் காட்டில் சவுக்கடி பட்டவன் எந்த ஆண்டவனின் பிள்ளை என்று அங்கே எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தொடங்கினால் கோயிலின் கற்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டெமராராவிலும் ஒரு கோயில் இருந்தது. பெத்தேல் என்று பெயர். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்ற இளம் பாதிரியார் 1817-இல் அங்கு வந்து சேர்ந்தார். ஆளுநர் மர்ரே அவருக்கு அளித்த வரவேற்பு என்ன தெரியுமா? எந்த அடிமைக்காவது எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்ததாகத் தெரிந்தால், அந்தக் கணமே நாடு கடத்துவேன் என்ற எச்சரிக்கை! தோழர்களே, இந்த எச்சரிக்கையை நன்றாக நினைவில் வையுங்கள். வேதத்தைக் கேட்கலாம், படிக்கக்கூடாது. பணிவைப் பற்றிய போதனை காதில் விழலாம், விடுதலையைப் பற்றிய எழுத்து கண்ணில் படக்கூடாது. ஆதிக்கக்காரன் துப்பாக்கிக்கு அஞ்சுவதைவிட அரிச்சுவடிக்கு அஞ்சுகிறான். எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் இதுவே கதை.

கிளாட்ஸ்டனின் தோட்டங்களில் ஒன்றுக்குப் பெயர் 'சக்சஸ்'. வெற்றி என்று பொருள்! அந்த வெற்றித் தோட்டத்திலே குவாமினா என்ற தச்சர் இருந்தார். ஆப்பிரிக்காவிலே பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர். பெத்தேல் சபையில் உதவிக்காரர். சக அடிமைகள் மதித்துப் போற்றிய பெரியவர். அவருடைய மனைவி பெக்கி நோயுற்று மரணப் படுக்கையில் கிடந்தபோது, அருகிருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அன்றைய வேலை முடித்து அவர் குடிசைக்குத் திரும்பியபோது பெக்கி பிணமாகக் கிடந்தாள். ஒரு மனிதனின் துயரத்திலே கூட முதலாளிக்கு ஒரு நாள் கூலியின் ஆதாயம்! கூலி என்று எழுதிவிட்டோம். கூலி ஏது?

குவாமினாவின் மகன் ஜாக். பீப்பாய் செய்யும் தொழிலாளி. முதலாளியின் பெயரையே அடிமையும் சுமக்கும் வழக்கப்படி, அவன் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். இரண்டு கிளாட்ஸ்டன்கள், தோழர்களே! ஒருவர் லிவர்பூல் மாளிகையில், ஒருவன் டெமராரா குடிசையில். ஒருவர் பார்லிமெண்டில் சட்டம் செய்கிறார். மற்றவனோ, சட்டம் தன்னை மனிதன் என்று எப்போது ஒப்புக்கொள்ளும் எனக் காத்திருக்கிறான்.

1823-ஆம் ஆண்டு மே திங்களில், அடிமைகளின் நிலையைச் சற்றே சீர்செய்வதற்கான தீர்மானங்கள் லண்டன் பார்லிமெண்டில் நிறைவேறின. பெண்களைச் சவுக்கால் அடிக்கலாகாது, வயல் வேலையிலே சவுக்கு கூடாது என்ற அளவுக்குத்தான் அந்தச் சீர்திருத்தம். அந்த அற்பச் செய்தியைக் கூட டெமராரா ஆட்சி மக்களுக்கு அறிவிக்காமல் மூடி வைத்தது. மூடிய கலத்திலிருந்துதான் ஆவி பீறிடும். மன்னர் விடுதலை வழங்கிவிட்டார், வெள்ளையர் அதை மறைக்கிறார்கள் என்ற பேச்சு குடிசைகள்தோறும் பரவியது. ஆகஸ்ட் 18-ஆம் நாள், வெற்றித் தோட்டத்திலே கிளர்ச்சி வெடித்தது. தலைமை தாங்கியவன் ஜாக் கிளாட்ஸ்டன். ஏறத்தாழ 60 தோட்டங்களிலிருந்து, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் எழுந்தனர்.

எழுந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழிக்குப் பழி என்று கொன்று குவித்தார்களா? இல்லை! எந்தத் தொழுமரத்தில் தங்களைப் பூட்டினார்களோ, அதே தொழுமரத்தில் தோட்டத்து அதிகாரிகளைப் பூட்டி வைத்தார்கள். இரத்தம் சிந்த வேண்டாம், வேலையை நிறுத்துவோம் என்பதே குவாமினாவின் அறிவுரை. மாண்ட வெள்ளையர் இரண்டு மூன்று பேர்தாம். ஆட்சியாளரோ இராணுவச் சட்டம் பிறப்பித்து, கறுப்பரை நூற்றுக்கணக்கில் கொன்று தீர்த்தனர். வெட்டிய தலைகளைச் சாலையோரம் நட்டு வைத்தனர். காட்டுக்குள் தப்பிய குவாமினா செப்டம்பர் 16-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலை வெற்றித் தோட்டத்தின் முன்னே சங்கிலியிலே கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் உழைத்த இடம் அது, அவர் மனைவி மாண்ட இடமும் அதுவே. பாதிரியார் ஸ்மித்துக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மன்னரின் கருணை ஆணை கடல் கடந்து வருமுன்னர், 1824 பிப்ரவரி 6-இல் அவர் சிறையிலேயே உயிர் நீத்தார். ஜாக் கிளாட்ஸ்டன் செயின்ட் லூசியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டான்.

யார் நாகரிகர், யார் காட்டுமிராண்டி? பூட்டி வைத்தவர்களா, தலையை நட்டு வைத்தவர்களா?

இங்கே ஒரு குரல் எழும். நமக்குப் பழக்கமான குரல்தான். "அந்தக் காலம் அப்படி! அந்நாளைய மனிதரை இந்நாளைய அளவுகோலால் அளக்கலாமா?" என்று கேட்பார்கள். பழைமையின் ஒவ்வொரு கொடுமைக்கும் ஆயத்தமாக வைத்திருக்கும் போர்வை இது. இந்தப் போர்வையை நாம் இழுத்துப் பார்த்தாக வேண்டும்.

குவாமினா எந்தக் காலத்தவர்? ஜான் கிளாட்ஸ்டன் வாழ்ந்த அதே காலத்தவர். அவருக்கு அடிமைத்தனம் அநீதியாகத் தெரிந்திருக்கிறது. காலத்தின் குரல் என்றால் மாளிகையின் குரல் மட்டுந்தானா? குடிசையின் குரல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது? அடிமையைக் கேளாமல் அந்தக் காலத்தின் கருத்தை எவ்வாறு அறுதியிட்டீர்கள் என்று நாம் கேட்கிறோம்.

குடிசைக்காரனின் சாட்சி செல்லாது என்பீரேல், மாளிகைக்காரரையே அழைப்போம். ஜேம்ஸ் கிராப்பர் என்பவரும் அதே லிவர்பூலில் வாழ்ந்த பெரிய வணிகர். கீழ்த்திசைச் சர்க்கரையை விற்றவராதலால், மேற்கிந்தியச் சர்க்கரைக்கு எதிராகப் பேசுவதிலே அவருக்கும் ஆதாயம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அடிமைமுறை கொடியது, ஒழிக்கப்பட வேண்டியது என்று அவர் ஏடுகளில் வெளிப்படையாக எழுதினார். அதற்கு மறுப்பு எழுதியவர் நம்முடைய ஜான் கிளாட்ஸ்டன். 1823 முதல் 1824 வரை நடந்த அந்த எழுத்துப் போர் நூலாகவே அச்சாயிற்று. 1830-இல் சர் இராபர்ட் பீலுக்கு முகவரியிட்டு மற்றொரு வெளியீடும் கொணர்ந்தார். வெப்ப நாட்டில் கறுப்பரே உழைக்கத் தக்கவர், கட்டாயமின்றி அவர்கள் உழைக்க மாட்டார்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அறியாமல் செய்தார் என்ற வாதம் இங்கே இற்று விழுகிறது. வாதம் கேட்டு, மறுப்பு எழுதி, கணக்குப் பார்த்து, தெரிந்தே செய்தார். அவரைச் சூழ்ந்திருந்தது காலத்தின் இருள் அல்ல. விளக்கைக் கண்டதும் அதை ஊதி அணைக்க முயன்றவர் அவர்.

இறுதியில், 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆகா, நீதி வென்றது என்று கொண்டாடப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். பட்டியலைப் படிப்போம்.

நட்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது இங்கிலாந்து. அந்த நாட்டின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு அது. யாருக்கு நட்டஈடு? தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவனுக்கா? தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட பிள்ளைக்கா? குவாமினாவின் குடும்பத்துக்கா? அவர்களுக்குச் செப்புக்காசு ஒன்றுகூட இல்லை! முழுத் தொகையும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே. ஜான் கிளாட்ஸ்டனின் பங்கு 1,06,000 பவுனுக்கு மேல். அவர் கணக்கில் எழுதப்பட்ட அடிமைகள் 2,508 பேர். விடுதலை பெற்றவனோ வெறுங்கையோடு நின்றான். அதுவும் உடனே அல்ல. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரால், வாரத்துக்கு 45 மணி நேரம் அதே முதலாளிக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும் என்றது சட்டம். நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த பரம்பரைக்கு உழைப்பில் பயிற்சியாம்! எதிர்ப்பு வலுத்த பிறகே, 1838-இல் அந்தப் பயிற்சிக் கூத்து முடிந்தது.

கொள்ளையடித்தவனிடம் பொருளை மீட்க, கொள்ளைக்காரனுக்கே விலை கொடுத்த விந்தை இது. சட்டத்தின் கண்ணில் இழப்பு என்றால் என்ன? உடைமையாளன் இழந்தால்தான் இழப்பு. உடலையும், உறவையும், வாழ்வையும் இழந்தவனின் இழப்பை எழுத அந்தக் கணக்குப் புத்தகத்தில் பத்தியே இல்லை. நாம் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: ஒரு கொடுமை எப்போது ஒழிந்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். ஒழிந்தபோது ஈடு பெற்றது யார் என்று கேளுங்கள். அந்த விடையிலே தெரியும், ஒழிந்தது கொடுமையா, கொடுமையின் பெயரா என்பது.

கிளாட்ஸ்டன் அதற்கும் விடை தந்தார். பயிற்சிக் காலம் முடிந்தால் கறுப்பர் தோட்டத்தை விட்டுப் போவார்கள், நியாயக் கூலி கேட்பார்கள் என்பதை அவருடைய வணிக மூளை முன்கூட்டியே கண்டுகொண்டது. 1836 ஜனவரி 4-இல் கல்கத்தாவிலிருந்த கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களை நம்பியிராத நிலை தமக்கு வேண்டும், ஆகவே இந்தியாவிலிருந்து வலிவுள்ள இளம் ஆட்களை அனுப்பி வையுங்கள் என்று கேட்டார். பதில் வந்தது. அதைப் படிக்கும்போது நம் உள்ளம் கொதிக்கிறது. மலைவாழ் மக்கள் மனிதனைவிடக் குரங்குக்கே நெருங்கியவர் என்று பேசப்படுபவர்களாம். உண்பது, குடிப்பது, உறங்குவது தவிர வேறு தேவையற்றவர்களாம். எங்கே போகிறோம், எவ்வளவு தூரம் கடல் கடக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாதாம். ஆகவே ஆட்களைத் திரட்டுவதில் தொல்லை ஏதும் இல்லையாம்! அறியாமையை முதலீடாகக் கொண்ட வாணிபம் இது. மர்ரே ஏன் எழுத்தறிவுக்கு அஞ்சினான் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

1838 ஜனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டன. ஏற்றப்பட்டோர் 414 பேர். மே 5-ஆம் நாள் டெமராராக் கரையில் இறங்கியோர் ஏறத்தாழ 400 பேர். மிச்சப்பட்டோரைக் கடல் விழுங்கியது. இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் கிளாட்ஸ்டனின் விரீட்-என்-ஹூப், விரீட்-என்-ஸ்டைன் என்ற இரு தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டனர். அடிமை ஒழிப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்கோபிள் 1839-இல் அங்கு சென்று கண்டு எழுதினார். அடியும் உதையும், அடிபட்ட புண்ணில் உப்பு நீரும், நோயாளிகளைப் பூட்டி வைத்த மருத்துவச்சாலையும் அவருடைய அறிக்கையில் இடம்பெற்றன. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து 1843-இல் தாயகம் திரும்பியோர் 236 பேர். கரையேறியவர்களில் நான்கில் ஒருவர் அந்த மண்ணிலேயே மாண்டனர்.

சவுக்கு மாறவில்லை, முதுகு மாறிற்று. 'அடிமை' என்ற சொல் போய், 'ஒப்பந்தக் கூலி' என்ற சொல் வந்தது. இது புதியதோர் அடிமைமுறையாகிவிடும் என்று 1840-இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபுவே அஞ்சினார். 1839-இல் இந்திய அரசு கூலி ஏற்றுமதியைத் தடுத்தது. தடை நிலைத்ததா? தோட்ட முதலாளிகளின் முணுமுணுப்பின் முன் எந்தத் தடை நிலைத்திருக்கிறது? சில ஆண்டுகளில் கதவு மீண்டும் திறந்தது. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் டெமராராவுக்குக் கப்பல்கள் சென்றன. 1917 வரை அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் கொண்டு செல்லப்பட்ட இந்தியர் 2,38,000 பேருக்கு மேல். நம் தமிழ் மண்ணிலிருந்து மொரீசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், பின்னர் பிஜித் தீவுக்கும் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் துயரக் கதை இந்தச் சங்கிலியின் கண்ணிகளே. அந்தக் கைநாட்டு, படிக்கவிடாமல் வைக்கப்பட்டவனின் கையொப்பம். அதைப் பெற்றவனோ படித்தவன்.

மகன் வில்லியம் என்ன செய்தார்? 1833 ஜூன் திங்களில் பார்லிமெண்டில் எழுந்து, தந்தையின் விரீட்-என்-ஹூப் தோட்டத்தின்மீது சாட்டப்பட்ட குற்றத்தை மறுத்துப் பேசினார். 1838 மார்ச்சில், பயிற்சிக் காலத்தை உடனே ஒழிக்கக் கூடாதென்று வாதாடினார். அந்தப் புகழ்பெற்ற நாவன்மைக்கு அரங்கேற்றம் எங்கே நடந்தது என்று பார்த்தீர்களா! பிற்காலத்தில் அவர் மாறினார், முற்போக்குத் தலைவராக வளர்ந்தார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், மகனின் பெருமையைக் காட்டித் தந்தையின் கணக்கை மூடிவிட முடியாது. 1851-இல் ஜான் கிளாட்ஸ்டன் ஃபாஸ்க் மாளிகையில், தம் 86-ஆம் வயதில், மதிப்புடனும் மன அமைதியுடனும் கண் மூடினார். குவாமினாவுக்குக் கிடைத்ததோ சங்கிலி. ஊழ் என்பார்கள், ஆண்டவன் தீர்ப்பு என்பார்கள். எந்த ஊழ் இதை எழுதிற்று? எந்த ஆண்டவன் இந்தத் தீர்ப்பை வழங்கினான்? எழுதியது சட்டம். வழங்கியது சந்தை. மனிதன் செய்த கொடுமையாதலால், மனிதனாலேயே அது கேள்விக்கு உள்ளாக்கப்பட வேண்டும்.

"பழங்கதை, மறந்துவிடுங்கள்" என்போருக்கு இரண்டு செய்திகள் சொல்வோம். நட்டஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் கருவூலம் தீர்த்து முடித்த ஆண்டு 2015! கரீபியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய அடிமைகளின் கொள்ளுப்பேரர்களும் அதுவரை வரி கட்டினார்கள். தம் முன்னோரை விலைக்கு வாங்கியவனுக்குத் தரப்பட்ட பணத்தை, அவர்களும் சேர்ந்து அடைத்தார்கள். இது பழங்கதையா? கிளர்ச்சி நடந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2023-இல், ஜான் கிளாட்ஸ்டனின் வழித்தோன்றல்கள் சிலர் கயானாவுக்குச் சென்று பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டனர். அவர்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம். முன்னோர் செய்த பிழையை முன்னோர் செய்தது என்பதற்காகவே போற்றும் கூட்டத்திற்கிடையே, அதைப் பிழை என்று சொல்லும் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால், மன்னிப்பு ஒரு சொல், நட்டஈடு ஒரு கணக்கு. சொல் வந்துவிட்டது. கணக்கு இன்னும் தீரவில்லை.

கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் மர்ரே தெரு என்று ஒரு தெரு இருந்தது. இன்று அதன் பெயர் குவாமினா தெரு. அங்கே நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் தெருப் பலகையில் உள்ள அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

அடிமை படித்தால் நாடு கடத்துவேன் என்றான் ஆளுநன். அடிமையின் பெயரையே இன்று நாடு படிக்கிறது. இளைஞர்களே, வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் மாளிகையின் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே சென்று கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கள். திறந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கேளுங்கள் — உழைத்தது யார்? ஈடு பெற்றது யார்?